ஊருக்கு உதவ சிங்கப்பூரில் நிதி திரட்டுவோர் கவனத்திற்கு

திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலைநேர வகுப்பு, மருத்துவ முகாம், மகளிர் குழுவுக்குத் தையல் பயிற்சி. இப்படி ஒன்றுக்காக ஊர்ச் சங்கங்களும் தங்குவிடுதி நண்பர்களும் இங்கே பணம் சேர்ப்பது வழக்கம். நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு சட்டம். இரண்டிலும் தேற வேண்டும்.

முதலில் சிங்கப்பூர். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. பணம் அனுப்ப வசதியாக பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்றுச் சேவை) எண்ணை வாட்ஸ்அப்பில் பரப்புவதும் பொதுமக்களிடம் கேட்பதில்தான் சேரும். வசூல் தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். யாருக்காக, எதற்காக, எப்படித் திரட்டுகிறீர்கள், பணத்தை அங்கே பெறுபவர் யார் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் தெளிவாக இருக்கட்டும். சிராங்கூன் சாலையில் உண்டியல் ஏந்துவதற்கும் வீடு வீடாகப் போவதற்கும் தனி உரிமம் வாங்க வேண்டும்.

பலரும் திகைப்பது 80:20 விதியில். செலவு போக மிஞ்சும் தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே அறப்பணிக்குச் செலவாக வேண்டும். 10,000 வெள்ளி மிஞ்சினால் ஊருக்குப் போவது 2,000தான். விளம்பரத்தில் ‘முழுத் தொகையும் கிராமத்துக்கே’ என்று போட்டுவிட்டு இந்த விதியைப் பிறகு படிப்பவர்கள் கொடையாளர்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பொதுமக்களிடம் போகாமல் தனிப்பட்ட வட்டத்துக்குள் திரட்டும்போதும், பேரிடர் நிவாரணத்தின்போதும் ஆணையர் இந்த விகிதத்தைத் தளர்த்தலாம். தானாகக் கிடைக்காது, கேட்டுப் பெற வேண்டும். சிறிய சங்கங்களுக்கு உறுப்பினர் வட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இனி இந்தியா. எஃப்சிஆர்ஏ எனப்படும் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் பார்ப்பது கொடுப்பவரின் கடப்பிதழை. இந்தியக் குடிமகன் இங்கே உழைத்துச் சேமித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் கொடுத்தால், அவர் பிறந்த ஊரே அதுவாக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். பத்துப் பேரிடம் திரட்டியதை இந்தியக் கடப்பிதழ் உள்ள ஒருவர் பெயரில் அனுப்பினால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. அது அவருடைய சேமிப்பு அல்லவே.

ஆகவே பெறும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். காலாவதியானதா, ரத்தானதா என்று இந்திய உள்துறை அமைச்சின் எஃப்சிஆர்ஏ தளத்தில் பாருங்கள். பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அந்த அமைப்பு வைத்துள்ள கணக்குக்கு. கிராமத்துக் கிளை எண்ணைக் கொடுத்தால் அனுப்பாதீர்கள். பதிவுள்ள பெரிய நிறுவனம் வாங்கி ஊர்ச் சங்கத்துக்குக் கைமாற்றும் பழைய வழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பள்ளி ஆசிரியர் சம்பளம் அதில் சேராது, அலுவலகச் சம்பளம் சேரும்.

புதிய சங்கத்துக்குப் பதிவு எளிதல்ல: மூன்றாண்டு இயங்கி, அதற்குள் 15 லட்சம் ரூபாய் பணிக்காகச் செலவழித்திருக்க வேண்டும். அதற்கு மாற்று, முன் அனுமதி. இதற்குத் தொகையையும் நோக்கத்தையும் குறித்து நீங்கள் ஓர் உறுதிக் கடிதம் தர வேண்டும். அந்தத் தொகைக்கும் அந்தப் பணிக்கும் மட்டுமே அது செல்லும்.

ஊரில் உள்ள தம்பிக்கு அனுப்புவது வேறு. உறவினரிடமிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை பெறுவதை அரசுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை. அந்தச் சலுகை குடும்பத்துக்கானது. தம்பி கணக்கு வழியாகச் சங்கப் பணத்தைப் போட்டால் சிக்குவது தம்பிதான்.