ஸ்டாக் ட்ரேஸ்: கையில் கிடைத்தும் தூக்கி எறியப்படும் தடயம்

நிரல் விழுந்துவிட்டது என்று தகவல் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "லாகில் என்ன இருக்கிறது?" என்பதுதான். (லாக் என்பது நிரல் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவு.) பெரும்பாலும் வரும் பதில்: "நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்று ஒரு வரி இருக்கிறது சார், வேறொன்றும் இல்லை." எக்ஸெப்ஷன் என்றால் நிரல் ஓடும்போது எழும் பிழை; மதிப்பே இல்லாத (நல்) மாறியைப் பயன்படுத்த முயன்றால் வருவது நல் பாயின்டர் வகை. பிழையின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது, கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது போலத்தான்.

இத்தனைக்கும் நிரல் விழுகிற அந்த நொடியில், எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற வரிசை முழுவதும் ஸ்டாக் நினைவகத்தில் அப்படியே கிடக்கிறது. அதை எடுத்து எழுதினால் ஸ்டாக் ட்ரேஸ். எழுதத் தவறினால், புராசஸ் (ஓடிக்கொண்டிருந்த நிரல்) முடிந்ததும் இயங்குதளம் அந்த நினைவகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தடயமும் அதோடு போகும். ஆகவே ட்ரேஸ் கிடைக்குமா கிடைக்காதா என்பது நிரலை எழுதிய அன்றும் பில்ட் செய்த (இயங்கும் வடிவுக்கு மாற்றிய) அன்றும் முடிவாகிவிடுகிற விஷயம். சர்வர் விழுந்த பிறகு தலையில் அடித்துக்கொண்டு பயனில்லை.

அதிகம் நடக்கும் அநியாயம், பிழையைப் பிடித்துக் கையாளும் கேட்ச் பகுதியில்தான். எக்ஸெப்ஷனைப் பிடித்து, அதன் செய்தியை மட்டும் லாகில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பைத்தானில் கீ எரர் வந்தால் அதன் செய்தி என்பது தேடிக் கிடைக்காத சாவியின் பெயர் மட்டுமே. எனவே லாகில் மேற்கோள் குறிக்குள் ஒரே ஒரு சொல் நிற்கும். அது பிழை என்றுகூடத் தெரியாது. பழைய ஜாவா பதிப்புகளில் நல் பாயின்டர் எக்ஸெப்ஷனுக்குச் செய்தியே இருக்காது; "பிழை: நல்" என்று பதிவாகும். எந்த மாறி நல்லாக இருந்தது என்று ஜாவாவே சொல்லும் வசதி 2020இல் ஜாவா 14இல் வந்தது, ஜாவா 15இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. இருந்தாலும் அழைப்பு வரிசைக்கு அது ஈடாகாது. மருந்து எளியது: ஜாவாவில் லாகருக்கு எக்ஸெப்ஷன் பொருளையே கடைசி வாதமாகக் கொடுங்கள், பைத்தானில் லாகிங் தொகுதியின் எரர் ஃபங்ஷனுக்குப் பதிலாக எக்ஸெப்ஷன் ஃபங்ஷனை அழையுங்கள். ஒன்றைப் பிடித்து வேறொன்றாக எறியும்போது மூலத்தையும் உள்ளே வைத்து எறியுங்கள்.

ட்ரேஸ் முழுதாக வந்தாலும் வாசிக்கும் திசையில் பலர் தடுமாறுகிறார்கள். ஜாவாவில் பிழை மேலே, அழைத்தவர்கள் கீழே. பைத்தானில் தலைகீழ், பிழை கடைசி வரியில். ஜாவாவில் பழகியவர்கள் பைத்தான் ட்ரேஸின் மேல் பாதியை மட்டும் படம்பிடித்து அனுப்புவது எனக்கு வாடிக்கையான எரிச்சல். அதேபோல ஜாவா ட்ரேஸில் "காஸ்ட் பை" (இதனால் விளைந்தது) என்று பல அடுக்குகள் இருந்தால், மூலக் காரணம் பெரும்பாலும் கடைசி அடுக்கில்தான் இருக்கும். முதல் பத்து வரியோடு வெட்டி அனுப்பினால் வேண்டியது வெளியே போய்விடும்.

நிரலாளர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ட்ரேஸ் காணாமல் போகிற ஓர் இடம் உண்டு. ஒரு வணிகத் தளத்தின் லாகில், ஒரே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டிருந்தது. லாகருக்கு எக்ஸெப்ஷன் பொருள் ஒழுங்காகவே போகிறது. ஆனால் பெயருக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. குழுவினர் லாகிங் நூலகத்தின் மேல் பழியைப் போட்டு அதன் பதிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் இது, ஜாவா நிரல்களை இயக்கும் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் வேலை. ஒரே இடத்தில் நல் பாயின்டர், வரிசை எல்லை மீறல் போன்ற உள்ளமைந்த எக்ஸெப்ஷன்கள் திரும்பத் திரும்ப வந்தால், அதில் உள்ள ஹாட்ஸ்பாட் கம்பைலர் அந்த ஃபங்ஷனை மறுபடி கம்பைல் செய்யும்போது, முன்கூட்டியே செய்துவைத்த, ட்ரேஸ் இல்லாத எக்ஸெப்ஷன் ஒன்றை அங்கே வைத்துவிடும். ட்ரேஸ் சேகரிக்க நேரம் பிடிக்கும் என்பதால் இந்தச் சிக்கனம். 2004இல் வந்த ஜாவா 5 முதலே இருக்கும் வழக்கம் இது.

அப்படியென்றால், முதலில் வந்த எக்ஸெப்ஷன்களுக்கு ட்ரேஸ் இருந்திருக்க வேண்டும். பழைய லாகில் பின்னோக்கித் தேடிப் போனால் கிடைக்கும், அந்தக் கோப்பு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால். இங்கே அழிந்துவிட்டிருந்தது. "ஓமிட் ஸ்டாக் ட்ரேஸ் இன் ஃபாஸ்ட் த்ரோ" என்ற அமைப்பை அணைத்து சர்வரை மறுபடி தொடங்கியதும், அடுத்த பிழையே முழு ட்ரேஸோடு வந்தது. நான் பார்க்கும் ஜாவா சர்வர்கள் எதிலும் இந்த அமைப்பை இயங்க விடுவதில்லை. பிழை மழையாகப் பொழிகிறபோது கொஞ்சம் வேகம் குறைந்தால் குறையட்டும்.

சி, சி பிளஸ் பிளஸ் உலகில் நிலைமை இன்னும் கறாரானது. செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் பிழை) வந்தால் தானே ட்ரேஸ் எழுதிக்கொள்ளும்படி சிக்னல் ஹேண்ட்லர் (இயங்குதளம் அனுப்பும் சிக்னலைப் பெறும் ஃபங்ஷன்) வைப்பது வழக்கம். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியில் இதற்கு பேக்ட்ரேஸ், பேக்ட்ரேஸ் சிம்பல்ஸ் என்று ஃபங்ஷன்கள் இருக்கின்றன. இரண்டாவது ஃபங்ஷன் உள்ளே, நினைவகம் ஒதுக்கும் மாலாக்கை அழைக்கிறது. நிரல் மாலாக்கின் நடுவிலேயே விழுந்திருந்தால் அதன் பூட்டு ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும். ஹேண்ட்லர் அதே பூட்டுக்காகக் காத்து அப்படியே உறைந்துவிடும். விழுந்த சர்வரைக் கண்காணிப்பு நிரல் மறுபடி எழுப்பியிருக்கும். உறைந்த சர்வரோ உயிரோடு இருப்பதாகக் கணக்காகி, வாடிக்கையாளர்களைக் காக்க வைக்கும். நேரடியாகக் கோப்புக்கு எழுதும் "எஃப்டி" வகை ஃபங்ஷனுக்கு மாலாக் தேவையில்லை. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இன்னொரு நுணுக்கம்: பேக்ட்ரேஸை முதன்முறை அழைக்கும்போது ஜிசிசி கம்பைலரின் துணை நூலகம் ஏற்றப்படும், அதற்கும் மாலாக் தேவைப்படலாம். எனவே நிரல் தொடங்கியதுமே வெறுமனே ஒருமுறை அழைத்து வைப்பது நல்லது. ஸ்டாக்கே நிரம்பி வழிந்து விழும் பிழைகளுக்கு, ஹேண்ட்லருக்கென்று மாற்று ஸ்டாக் ஒன்றை முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஹேண்ட்லர் ஓடுவதற்கே இடம் இருக்காது.

இவ்வளவும் செய்து கிடைப்பது வெறும் எண்களாக இருந்தால்? ரிலீஸ் பில்டில் சிம்பல்களை (முகவரிகளுக்கு உரிய ஃபங்ஷன் பெயர்களை) நீக்கிவிட்டு, அவற்றை எங்கும் சேமிக்காமல் விட்டவர்களுக்கு அதுதான் கிடைக்கும். சிம்பல்களை நீக்குவது தவறில்லை. ஒவ்வொரு ரிலீஸின் சிம்பல்கள் அடங்கிய டீபக் கோப்பையும் அதன் பில்ட் ஐடியோடு (அந்த பில்டின் அடையாளத்தோடு) பத்திரப்படுத்தாததுதான் தவறு. பிறகு அதே நிரலை மறுபடி பில்ட் செய்து ஒப்பிடலாம் என்பார்கள். கம்பைலர் பதிப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும் முகவரிகள் பொருந்தாமல், சம்பந்தமில்லாத ஃபங்ஷனின் பெயர் வந்து நிற்கும். தவறான ட்ரேஸை நம்பி அலைவதற்கு ட்ரேஸே இல்லாமல் இருக்கலாம்.

சரியான ட்ரேஸும்கூட பிழை தென்பட்ட இடத்தைத்தான் காட்டும். பிழை நடந்த இடம் வேறாக இருக்கலாம். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் பார்த்தால் மேலே நிரலை நிறுத்தும் ரெய்ஸ், அபார்ட், அதன்கீழ் நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ தொடர்பான உள் ஃபங்ஷன்கள், அதற்கும் கீழ் நம் நிரலின் ஏதோ ஒரு டிஸ்ட்ரக்டர் (பொருளை அழிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) என்று வரிசை நிற்கும். அந்த டிஸ்ட்ரக்டரைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது. வேறெங்கோ யாரோ எல்லை தாண்டி எழுதி ஹீப்பை (மாலாக் ஒதுக்கித் தரும் நினைவகப் பகுதியை) கெடுத்திருப்பார்கள். ஃப்ரீ அதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டது, அவ்வளவுதான். இத்தகைய சமயங்களில் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு பில்ட் செய்து ஓட்டுவது பெரும் உதவி. விடுவித்த நினைவகத்தைத் தொட்டால், தொட்ட இடம், விடுவித்த இடம், முதலில் ஒதுக்கிய இடம் என மூன்று ட்ரேஸ்களை அது எழுதிக் கொடுக்கும். குற்றவாளி பெரும்பாலும் இரண்டாவதில் அகப்படுவார்.

விழாமல் தொங்கி நிற்கும் நிரலுக்கும் ட்ரேஸ் எடுக்கலாம் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை. நேரே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். ஜாவா என்றால் ஜேஸ்டாக் கருவி, சி என்றால் ஜிடிபியை இணைத்து எல்லா த்ரெட்களின் (நிரலுக்குள் இணையாக ஓடும் பணித்தொடர்களின்) பேக்ட்ரேஸ். சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுத்தால், நகராமல் நிற்கும் த்ரெட் எது என்று பளிச்சென்று தெரியும். பைத்தானில் 3.3 பதிப்பு முதல் ஃபால்ட்ஹேண்ட்லர் தொகுதி உடன் வருகிறது. ஒரு சிக்னலோடு அதை முன்பே இணைத்து வைத்திருந்தால், வேண்டும்போது ட்ரேஸ் எழுதச் சொல்லலாம்.

ட்ரேஸைச் சேகரிக்கச் சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லியாக வேண்டும்: அது நம் லாகுக்கு மட்டும் உரியது. பைத்தானில் வலைத்தளங்கள் எழுதப் பயன்படும் ஜாங்கோவின் டீபக் பக்கம் ஒவ்வொரு அடுக்கிலும் இருந்த உள்ளூர் மாறிகளின் மதிப்புகளையும் காட்டும். அதை அணைக்காமல் இணையத்தில் ஏற்றினால், தளத்துக்கு வருகிறவர் கண்ணில் கோப்புப் பாதைகளும், சில நேரம் கடவுச்சொற்களும் படும். பயனருக்கு ஓர் அடையாள எண்ணைக் காட்டி, முழு ட்ரேஸையும் அதே எண்ணோடு லாகில் வையுங்கள்.

அடுத்த ரிலீஸுக்கு முன், சோதனைச் சர்வரில் நிரலை வேண்டுமென்றே ஒருமுறை விழ வையுங்கள். கோப்புப் பெயரும் வரி எண்ணும் லாகில் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு ரிலீஸ் செய்யுங்கள்.