ரவுட்டர் இல்லாமல் இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைத்தால்

பழைய கணினியில் இருக்கும் 300 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் புதியதற்கு மாற்ற பென்டிரைவை வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஒரு லேன் கேபிளை இரண்டு கணினிகளிலும் நேரடியாகச் செருகினாலே போதும். இரண்டிலும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட் வேக) போர்ட் இருந்து, ஹார்ட் டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், நொடிக்கு 110 எம்பி அளவில் கோப்புகள் நகரும். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் செருகியதும் பலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. வழக்கமாக நடுவில் இருக்கும் ரவுட்டர் சத்தமில்லாமல் மூன்று வேலைகளைச் செய்துவந்தது: கம்பிகளைக் குறுக்காக இணைத்தது, ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்தது, இது எந்த நெட்வொர்க் என்று விண்டோஸ் அடையாளம் காண உதவியது. அது இல்லாதபோது மூன்றையும் நாம்தான் கவனிக்க வேண்டும், அதுவும் இதே வரிசையில்.

முதலில் போர்ட்டின் விளக்கைப் பாருங்கள். அது எரியாதவரை ஐபி, ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) எதையும் தொட வேண்டாம். பிளக்கின் கிளிப் உடைந்து தளர்ந்திருக்கலாம், லேன் கார்டு டிசேபிள் ஆகியிருக்கலாம். இரண்டும் சரி என்றால் கிராஸ் கேபிள் (அனுப்பும், பெறும் கம்பிகள் இடம் மாறியது) தேவைப்படுகிறதா என்று யோசிக்கலாம். 100 எம்பிபிஎஸ் கார்டு 1, 2 பின்களில் அனுப்பும். 3, 6 பின்களில் பெறும். நேர் கேபிளில் இரண்டு கணினிகளும் ஒரே ஜோடிக் கம்பியில் பேசும், மற்ற ஜோடியில் காத்திருக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஒரு முனையை டி568ஏ, மறுமுனையை டி568பி என்ற கம்பி வரிசையில் கிரிம்ப் செய்தார்கள், அதாவது பிளக்கில் பொருத்தினார்கள். கிகாபிட் கார்டுகள் இந்த மாற்றத்தை உள்ளேயே செய்துகொள்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டால் மறுபடி அதே சிக்கல்தானே? அதைத் தவிர்க்க, எப்போது மாறுவது என்பதை ஒவ்வொரு கார்டும் தற்செயலாக (ரேண்டமாக) தேர்ந்தெடுக்கும். இரண்டில் ஒன்று கிகாபிட் கார்டாக இருந்தாலே பெரும்பாலும் சாதாரணக் கேபிள் போதும். இரண்டுமே மிகப் பழையவை என்றால்தான் கிராஸ் கேபிள் தேட வேண்டும்.

விளக்கு சில நொடிக்கு ஒருமுறை எரிந்து எரிந்து அணைகிறதா? கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஆனால் என்ன வேகத்தில் பேசலாம் என்ற ஒப்பந்தம் நான்கு கம்பிகளிலேயே முடிந்துவிடும். பிறகு நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருப்பது தெரிந்ததும் இணைப்பு விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சில கார்டுகள் சமாளித்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அப்போது கோப்புகள் நொடிக்கு 11 எம்பியில் ஊர்ந்தால் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

கையால் கிரிம்ப் செய்த கேபிளில் இன்னொரு தவறு மறைந்திருக்கும். இரு முனையிலும் நிறங்கள் ஒரே வரிசையில்தானே இருக்கின்றன என்று நினைத்து 1-2, 3-4, 5-6, 7-8 என ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் ஒரே சிக்னலைச் சுமக்கும் 3-ம் 6-ம் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகளாக இருக்காது. அந்த முறுக்கல்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சலை ரத்து செய்கிறது. அது போனால் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) போகும், பெரிய கோப்பு பாதியில் நிற்கும். சரியான டி568பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பிளக்கின் அருகே 13 மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கலைப் பிரிக்காதீர்கள்.

அடுத்தது முகவரி. கொடுக்க ஆளில்லாதபோது விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். இது கோளாறு அல்ல. இரண்டு பக்கமும் அப்படியே இருந்தால் பேசிக்கொள்ளும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், பிறகு முகவரி மாறவும் கூடும். கையால் கொடுப்பதே நிம்மதி: புதிய கணினிக்கு 192.168.50.1, பழையதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) கட்டத்தைக் காலியாக விடுங்கள். நிரப்பினால் வைஃபையில் வரும் இன்டர்நெட் இந்தக் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும். வைஃபை 192.168.1 வரிசையில் இருந்தால் கேபிளுக்கும் அதையே கொடுக்கக் கூடாது. எந்த வழியில் அனுப்புவது என்று கணினி குழம்பும்.

இப்போது புதிய கணினியிலிருந்து 192.168.50.2-க்கு பிங் செய்யுங்கள். தோல்வி எந்த வகை என்பதில்தான் விடை இருக்கிறது. உங்கள் சொந்த முகவரியிலிருந்தே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வந்தால், எதிர்ப்பக்கம் யாருமே குரல் கொடுக்கவில்லை என்று பொருள்: முகவரியையோ கேபிளையோ மறுபடி பாருங்கள். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால், பெரும்பாலும் எதிர்க் கணினி இருக்கிறது, அதன் ஃபயர்வால் பதில் சொல்ல விடவில்லை. உறுதிசெய்ய ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி எந்த லேன் கார்டுக்கு உரியது என்ற பதிவு) திறந்து பாருங்கள். அதில் 192.168.50.2-க்கு எதிரே மேக் முகவரி (லேன் கார்டின் சொந்த எண்) இருந்தால் கேபிளும் முகவரியும் சரி. இனி அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஃபயர்வால் தடுப்பதற்குக் காரணமும் ரவுட்டர் இல்லாததுதான். ஒரு நெட்வொர்க்கை விண்டோஸ் முக்கியமாக அதன் கேட்வேயை வைத்தே நினைவில் வைக்கிறது. கேட்வே இல்லையென்றால் அது பெயர் தெரியாத நெட்வொர்க், அதனால் 'பப்ளிக்' என்று முத்திரை குத்திக் கதவை மூடிவிடும். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. வைஃபை வழியும் திறந்துகிடக்கும். செட்டிங்ஸில் ஈதர்நெட் இணைப்பை மட்டும் 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்தால் பிங்கும், கோப்புப் பகிர்வு நடக்கும் 445 என்ற எண் கொண்ட வழியும் சேர்ந்தே திறக்கும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி பப்ளிக் ஆகலாம், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு புதிய கணினியின் ஃபைல் எக்ஸ்புளோரரில் \\192.168.50.2 என்று அடியுங்கள். கணினியின் பெயரைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கும்போது நான்கு இலக்க பின் இங்கே செல்லாது; பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. கோப்புகள் இருக்கும் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி, அந்த ஃபோல்டரை அதற்கு மட்டும் ஷேர் செய்வது சுலபம்.

எல்லாம் மாறி முடிந்ததும் அந்தக் கணக்கை நீக்கிவிட்டு, இரண்டு கணினியிலும் ஐபியை மறுபடி தானியங்கிக்கு மாற்றுங்கள். 192.168.50.1 அப்படியே கிடந்தால், நாளை ரவுட்டரில் செருகும்போது விளக்கு எரியும், இன்டர்நெட் வராது.