முகாமையாளரோடு மோத வேண்டாம்

ஹட்டனில் ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கடிதங்களைத் திருத்துவது மாலை நேரத்து வழக்கம். கடந்த வாரம், உயர்தரம் முடித்த ஒரு மாணவி, நுவரெலியாவிலுள்ள விடுதியொன்றுக்கு எழுதிய கடிதத்தை நீட்டினார். கடைசி வரி, ‘ஐ வுட் லைக் டு கோ ஹெட் டு ஹெட் வித் தி மெனேஜர்’ என்றிருந்தது. முகாமையாளரை நேரில் கண்டு பேச விரும்புகிறேன் என்பது அவர் எண்ணம். முகாமையாளரோடு மோதிப் பார்க்க விரும்புகிறேன் என்பதே அந்த வரியின் பொருள். இந்த மாதத்தில் இதே பிழையை நான் திருத்துவது மூன்றாவது முறை.

“சேர், கிரிக்கெட்டில் அப்படித்தானே போடுகிறார்கள்?” என்று கேட்டார். போடுகிறார்கள்தான், இரண்டு அணிகளில் யார் எத்தனை முறை வென்றார்கள் என்று காட்டும் பட்டியலுக்கு அதுவே தலைப்பு. குழப்பத்தின் வேர் நம் தமிழில் இருக்கிறது. நண்பர்கள் நேருக்கு நேர் பேசினார்கள் என்கிறோம், அணிகள் நேருக்கு நேர் மோதின என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது: போட்டிக்கு ‘ஹெட் டு ஹெட்’, பேச்சுக்கு ‘ஃபேஸ் டு ஃபேஸ்’. பிரெஞ்சு வழியாக வந்த ‘டெட்-ஆ-டெட்’ என்பதற்குத் தலைக்குத் தலை என்பதே நேர்ப்பொருள், அது இருவரின் தனிப்பேச்சைத்தானே குறிக்கிறது என்று வாதிடும் சக ஆசிரியர்களும் உண்டு. உண்மைதான், ஆனால் ஆங்கிலத் தலை அந்த வழியில் போகவில்லை. ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ பேச்சில் பகைக்கு இடமில்லை. ஒருவன் தன் நண்பனோடு பேசுவதுபோலக் கடவுள் மோசேயோடு பேசினார் என்னும் வேதாகம வரியில், 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு கையாளும் தொடர் இதுவே. தமிழ் வேதாகமம் அதை ‘முகமுகமாய்’ என்கிறது.

இன்னொரு பிள்ளை ‘ஐ வில் ஃபேஸ் தி மெனேஜர்’ என்று எழுதியிருந்தார். தவறு செய்துவிட்டுத் துரையின் முன் கைகட்டி நிற்கப் போகிறவர் சொல்லும் வாக்கியம் அது! ‘டு ஹிஸ் ஃபேஸ்’ என்றாலோ, பெரும்பாலும் ஒருவருடைய குறையை அவர் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பது. ‘ஃபேஸ் டு ஃபேஸ் வித்’ என்பதை அடுத்து ஆபத்தோ வறுமையோ வந்தால், அதற்கு முகம் கொடுக்க நேர்ந்தது என்று பொருள். பிரெஞ்சிலிருந்தே வந்த ‘விஸ்-ஆ-வி’யின் மூலப்பொருளும் முகத்துக்கு முகம்தான், ஆனால் இன்றைய அலுவலகக் கடிதத்தில் அது ‘தொடர்பாக’ என்ற வேலையையே பெரும்பாலும் செய்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

‘ஃபேஸ் டு ஃபேஸ்’ என்று எழுதும்போது, அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் மூன்று சொற்களையும் சிறு கோடுகளால் இணையுங்கள். ‘வீ டாக்ட் ஃபேஸ் டு ஃபேஸ்’ என வினைச்சொல்லுக்குப் பின் வந்தால் கோடு வேண்டாம்.

தொலைபேசியோ இணையமோ அல்ல, நேரில்தான் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் இத்தொடருக்கு வேலை அதிகம். அந்த மாணவிக்கு அப்படியொரு தேவை இல்லாததால், ‘ஐ வுட் லைக் டு மீட் யூ’ என்று எழுதி நிறுத்திக்கொண்டோம்.