தரை ஆர்க்கிடும் வேலூர் போர்வெல் தண்ணீரும்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மண்ணில் வளரும் தரை ஆர்க்கிட் வாடினால் வெயிலைத்தான் முதலில் குறை சொல்வார்கள். நர்சரிகளில் அதிகம் கிடைக்கும் ஸ்பாத்தோகிளாட்டிஸ் பிளிகேட்டா வெப்பமண்டலச் செடி. 50 சதவீத நிழல்வலையும் வேரில் ஈரமும் இருந்தால் கத்திரி வெயிலையும் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பெரிய எதிரி போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு.

தொட்டியில் ஊற்றிய நீர் ஆவியாகிவிடும். உப்பு அங்கேயே தங்கும். அது சேரச் சேர வேரால் நீரை உறிஞ்ச முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை நுனி பழுப்பாகக் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

மொட்டை மாடியில் பிடித்த மழைநீர்தான் சிறந்தது. நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 300 பிபிஎம்முக்குக் கீழே காட்டும் நீர் நல்லது. ஆர்ஓ வடிகட்டியின் கழிவு நீரை ஊற்றவே கூடாது. பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அன்றாடம் ஊற்றப் போர்வெல் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்றால், 15 நாளுக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். அடித்தட்டு வேண்டாம், வடிந்த உப்புநீர் மறுபடி மேலேறும்.

தொட்டிக் கலவைக்குத் தென்னைநார்த் தூள் 2 பங்கு, பருமணல் 1, இலைமக்கு 1 போதும். நார்த்தூளிலேயே உப்பு உண்டு. கழுவி வடியும் நீரின் டிடிஎஸ், ஊற்றிய நீரின் அளவுக்கு இறங்கும்வரை அலச வேண்டும். கிழங்கின் மேல்பாதி வெளியே தெரிய நடுங்கள். புதுக்குருத்து அதன் அடிப்பக்கத்தில்தான் வரும். ஆழப் புதைத்தால் ஈரம் தேங்கி அழுகிவிடும். வளரும் காலத்தில், தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், ஈர மண்ணில் மட்டும், 15 நாளுக்கு ஒருமுறை.

பூந்தண்டை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். கீழ்ப்பூ உதிர்ந்தாலும் நுனியில் மொட்டுகள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

மே மாத வறண்ட காற்றில், இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய செஞ்சிலந்தி வரும். மடிப்பு மடிப்பான இலையின் அடியில் ஒளிந்துகொள்ளும். மேற்புறம் வெளிர்புள்ளிகள் தெரியும்போதே காலையில் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சியடியுங்கள்.

யூலோஃபியா போன்ற வேறு தரை ஆர்க்கிட் இனங்களில் பல, வறட்சியில் இலை உதிர்த்துக் கிழங்காக உறங்கும். செத்துவிட்டதாக நினைத்து நீரூற்றினால் உண்மையிலேயே அழுகிவிடும். புதுக்குருத்து விரல் நீளம் வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றத் தொடங்குங்கள்.