ஸ்விங்: கவுண்ட் பேஸி வாசிச்சதுக்கு தமிழ்ல என்ன பேரு?

ஸ்விங்னு சொன்னதும் நம்மாள்ல பாதி பேருக்கு புது பந்து தான் கண்ணு முன்னாடி வரும், மீதி பேருக்கு பார்க்ல கெடக்குற ஊஞ்சல். நான் சொல்ல வந்தது ரெண்டும் இல்ல. அமெரிக்காவுல 1935-லேர்ந்து 1945, 46 வரைக்கும் ஒரு பத்து வருஷம் ஜனங்க ராத்திரி பூரா ஆடித் தீத்த ஜாஸுக்கும் ஸ்விங்னு தான் பேரு, அந்த ஜாஸுக்குள்ள ஓடுற ஒரு மாதிரி லய ஓட்டத்துக்கும் அதே பேரு தான். இத அப்படியே "ஊஞ்சல் இசை"ன்னு மாத்திட்டா கல்யாணத்துல பாடுற லாலி மாதிரி ஆகிடும், அதனால சொல்லோட வேர்லேர்ந்து வருவோம்.

பழைய ஆங்கிலத்துல இந்த சொல்லுக்கு ஆடுறதுன்னு அர்த்தமே கெடையாது, அடிக்கிறது, சாட்டையால விளாசுறதுன்னு தான் பொருள். தொங்கி முன்னயும் பின்னயும் ஆடுறதுங்கற பொருள் 16-ஆம் நூற்றாண்டு வாக்குல தான் ஒட்டிக்குது. இசைக்காரங்க எடுத்துக்கிட்டப்போ ரெண்டு பொருளும் சேந்தே வந்துடுச்சுன்னு எனக்கு தோணும், ஏன்னா அதுல ஒரு அடியும் இருக்கு, அடிச்ச பிறகு வர்ற ஆட்டமும் இருக்கு.

சரி, அந்த ஆட்டம் எங்கேர்ந்து வருது? ஒரு தட்டை ரெண்டா பிரிச்சா தக தகன்னு சமமா விழும். அதையே மூணா பிரிச்சு தகிட சொல்லுங்க. இப்ப மொதல் ரெண்டையும் ஒண்ணா நீட்டி மூணாவதை மட்டும் கடைசியில தொட்டு விடுங்க, தா...ட தா...ட தா...ட. அவ்ளோ தான், ஏறக்குறைய அது தான் ஸ்விங். ஏறக்குறையன்னு சொல்றேன், ஏன்னா வேகம் ஏற ஏற அந்த நீட்டலும் குறுக்கலும் சமத்துக்கு நெருங்கிடும், மெதுவா வாசிச்சா விரியும், ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் மாறும், அதனால ஜாஸ்காரங்க தாள்ல ரெண்டு சம ஸ்வரமா எழுதி வெச்சுட்டு மேல "ஸ்விங்"னு ஒரு வார்த்தை போட்டு விட்டுடுவாங்க, மீதி உங்க கையில. கூடவே நாலு எண்ணிக்கையில ஒண்ணையும் மூணையும் விட்டுட்டு ரெண்டுலயும் நாலுலயும் அழுத்தம் விழும். தாளம் நாலு எண்ணிக்கை தான், அது மாறவே இல்ல, மாறுறது உள்ள ஓடுற நடை. இந்த இடத்தை கவனிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இதுக்கு உதாரணமா ஒரே ஒரு ஆளை காட்டுன்னா நான் பியானோ வாசிச்சு பேண்டு நடத்துன கவுண்ட் பேஸியை தான் காட்டுவேன். ஸ்விங் ராஜான்னு பட்டம் வாங்குனவர் கிளாரினெட் வாசிச்ச பென்னி குட்மேன், அது தெரியும், 1935 ஆகஸ்ட் 21-ல லாஸ் ஏஞ்சலஸ் பாலமர் பால்ரூம்ல அவர் வாசிச்ச ராத்திரியில தான் ஸ்விங் யுகம் பொறந்துச்சுன்னும் சொல்லுவாங்க. வேடிக்கை என்னன்னா அன்னிக்கு பேஸிக்கு சரியா 31-வது பொறந்த நாள், ஆனா கான்சஸ் சிட்டியை தாண்டி வெளிய அவரை அவ்வளவா யாருக்கும் தெரியாது.

முழுப்பேரு வில்லியம் ஜேம்ஸ் பேஸி. 1904-ல நியூ ஜெர்சியில ரெட் பேங்க்ங்கற ஊர்ல பொறந்தார். அம்மா அடுத்தவங்க துணி தொவச்சு குடுத்து சம்பாதிச்சவங்க, பையனுக்கு மொதல்ல பியானோ சொல்லிக் குடுத்ததும் அவங்க தான். நியூயார்க் ஹார்லெம் போய் ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசிக்கிறதை பக்கத்துல உக்காந்து பாத்து கத்துக்கிட்டார். அப்புறம் ஒரு நாடக கோஷ்டியோட ஊர் ஊரா போனவர் 1927-ல கோஷ்டி கலைஞ்சு கான்சஸ் சிட்டியில மாட்டிக்கிட்டார், ஊமைப்படம் ஓடுற தியேட்டர்ல வாசிச்சு வயித்தை கழுவுனார். அங்க வால்டர் பேஜோட ப்ளூ டெவில்ஸ் பேண்டுல சேந்தார், அடுத்து பென்னி மோட்டன் பேண்டுல. 1935-ல டான்சில் ஆபரேஷன்ல மோட்டன் செத்துப் போக, அந்த ஆளுங்க பலரை சேத்துக்கிட்டு ரினோ கிளப்ல பேஸி தனியா பேண்டு கட்டுனார்.

இங்க ஒண்ணு, கவுண்ட்னா எண்ணிக்கை இல்ல, ஐரோப்பாவுல ஒரு பிரபு பட்டம். ஜாஸ்காரங்கள்ல எல்லிங்டன் டியூக், ஹைன்ஸ் ஏர்ல் (அவருக்கு அது சொந்தப் பேரே), ஆலிவர் கிங், அந்த வரிசையில இவர் கவுண்ட். நம்ம ஊர்ல ராஜரத்தினம் பிள்ளைக்கு நாதஸ்வர சக்கரவர்த்தின்னு பேரு நின்னுடுச்சு இல்லையா, அப்படி.

ரினோ கிளப் கச்சேரி ரேடியோவுல போச்சு. ஜான் ஹேமண்ட்ங்கற ரெக்கார்டு புரொட்யூசர் சிகாகோவுல காருக்குள்ள உக்காந்து ரேடியோ முள்ளை திருப்புறப்போ அது மாட்டுச்சு. 1936 கடைசியில பேண்டு கெளம்பி சிகாகோ வழியா நியூயார்க் போச்சு. ஹேமண்ட் ஒப்பந்தத்தோட வர்றதுக்குள்ள டெக்கா கம்பெனி முந்திக்கிட்டு 750 டாலர் மொத்தமா குடுத்து 24 பாட்டுக்கு கையெழுத்து வாங்கிடுச்சு, ராயல்டி ஒரு பைசா கெடையாது. 1937-ல வந்த "ஒன் ஓ'க்ளாக் ஜம்ப்" அந்த கணக்குல தான் போச்சு, வயிறு எரியுது.

அந்த பேண்டோட உயிர் எங்க இருந்துச்சுன்னா முன்னாடி பளபளன்னு நிக்கிற டிரம்பெட்டுலயோ சாக்ஸஃபோன்லயோ இல்ல (லெஸ்டர் யங் மாதிரி மகா ஆளு அங்க இருந்தும் தான் சொல்றேன்), பின்னாடி உக்காந்த நாலு பேர்கிட்ட. வால்டர் பேஜ் பேஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியத்துல நாலு எண்ணிக்கையும் நடந்துகிட்டே இருப்பார், ஃப்ரெடி கிரீன் மைக் கூட இல்லாத கிட்டார்ல அதே நாலையும் சக் சக்குன்னு போடுவார், ஜோ ஜோன்ஸ் அது வரைக்கும் கால்ல பெரிய டிரம்ல இடிச்சுகிட்டிருந்த தாள எண்ணிக்கையை தூக்கி ஹை-ஹாட்ங்கற ஜோடித் தட்டுக்கு மாத்தினார், இடி நின்னு அதுல காத்து வந்த மாதிரி ஆச்சு. நாலாவது ஆள் பேஸி. அவர் என்ன வாசிச்சார்னு கேட்டா பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு ஸ்வரம், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு ஸ்வரம், அவ்ளோ தான், ஆனா அந்த இடைவெளியில தான் காலு தானா ஆடும். ஃப்ரெடி கிரீன் 1937-ல சேந்தவர் 1987-ல சாகுற வரைக்கும் அந்த பேண்டு தான், தனி ஆவர்த்தனம்னு வாசிச்சதே அபூர்வம். ஐம்பது வருஷம் ஒருத்தர் சக் சக்குன்னே வாசிச்சு மேதைன்னு பேர் எடுத்திருக்கார்னா பாத்துக்கோங்க.

அப்புறம் உலகப் போர் வந்துச்சு, பெட்ரோல் ரேஷன், 1942-ல இசைக்கலைஞர் சங்கம் ரெக்கார்டிங்கை நிறுத்துனது, நடன அரங்கு மேல வரி, ஜனங்க மனசும் தனிப் பாடகர் பக்கம் போயிடுச்சு, பதினாறு பேருக்கு சம்பளம் யார் குடுக்குறது. பேஸியும் 1950-ல பேண்டை கலைச்சு சின்ன குழுவா சுருங்கிட்டார். ஆனா 1952-ல திரும்ப கட்டுனார். அந்த ரெண்டாவது பேண்டோட 1955 "ஏப்ரல் இன் பாரிஸ்" கேளுங்க, பாட்டு முடிஞ்சுடுச்சுன்னு நெனைக்கிறப்போ பேஸி குரல் வரும், "ஒன் மோர் டைம்"னு, மறுபடி முடிவு, மறுபடி குரல், மறுபடி முடிவு. மிருதங்கத்துல தீர்மானம் மூணு தரம் வர்ற சுகம் தெரிஞ்சவங்களுக்கு இத விளக்கவே வேணாம்.

இப்ப தமிழுக்கு வருவோம். துள்ளல்னு பலர் சொல்லுவாங்க, கலிப்பாவுக்கு துள்ளலோசைன்னு இலக்கணத்துலயே இருக்கு. ஆனா பேஸி கேட்டுட்டு துள்ளல்னு சொல்ல எனக்கு மனசு வரல, அது குதிக்கிறது, இது சாஞ்சுகிட்டு நடக்குறது. அதே வரிசையில வஞ்சிப்பாவுக்கு தூங்கலோசைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, தூங்குறதுக்கு பழைய பொருள் தொங்குறது, அசைஞ்சு ஆடுறது. அதாவது ஸ்விங்குக்கு அச்சு அசலா அதே சொல்! என்ன பண்றது, இன்னிக்கு போய் தூங்கல் இசைன்னு போஸ்டர் அடிச்சா தலகாணியோட தான் வருவாங்க.

அதனால என்னோட தேர்வு ஊசல் நடை. ஊசல்ங்கறது ஊஞ்சலோட பழைய வடிவம், சிலப்பதிகாரத்துல ஊசல்வரி இருக்கு, கடிகாரத்துல ஊசல் இருக்கு, அதனால லாலி வாடை அடிக்காது, காலத்தை எண்ணுற கருவியோட ஞாபகமும் கூட வரும். நடைங்கறது நம்ம சங்கீதத்துல ஏற்கனவே ஒரு தட்டுக்குள்ள எத்தனையா பிரிக்கிறோம்ங்கறதுக்கு உள்ள சொல் தான், திஸ்ர நடை, சதுஸ்ர நடைன்னு. மேல தாளம் மாறல நடை தான் மாறுதுன்னு சொன்னேனே, அது இதுக்கு தான். அந்த காலகட்டத்து இசை மொத்தத்தையும் சொல்லணும்னா ஸ்விங்னே விட்டுடலாம், அது ஒரு பேரு, ஜாஸை நாம மொழிபெயர்க்கலையே.

பேஸியோடது மாதிரி பதினாறு பேர் சேந்த பேண்டுக்கு பிக் பேண்டுன்னு பேரு, அதுக்கு பெரிய வாத்தியக்குழுன்னு எழுதலாம், தப்பில்ல, ஆனா அத விட அழகா ஒண்ணு சும்மா கெடக்கு. பல வாத்தியம் சேந்தா பழந்தமிழ்ல பல்லியம். புறநானூறு 64-ஐ பாடுன புலவர் பேரே நெடும்பல்லியத்தனார், நெடும்பல்லியம்னா பிக் பேண்டே தான். அந்த பாட்டுல யாழ், ஆகுளி, பதலை எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு குடுமிங்கற பாண்டிய ராஜாவை பாக்க கெளம்பலாமான்னு விறலியை கூப்பிடுறார், சோத்துக்கு வழி தேடி தான். பேஸியும் வாழ்க்கை பூரா பஸ்ல வாத்தியத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போனவர் தான், 1984 ஏப்ரல்ல அவர் போய் சேந்த பிறகும் பேண்டு கலையல, அவர் பேர்லயே இன்னும் போய்கிட்டு தான் இருக்கு.