மலையில் புகை: 'எங்கே' என்பதைச் சொல்வது எப்படி?

மாசி வெயிலில் பூதப்பாண்டிப் பக்கம் மலையில் புகை எழுந்தால், கொஞ்ச நேரத்தில் நாகர்கோவில் வாட்ஸ்அப் குழுக்களில் படம் வந்துவிடும். எந்த மலை, எங்கே நின்று எடுத்தது, இன்றைக்கா போன வருஷமா, ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து, எடுத்த இடமும் நேரமும் கழன்றுவிடும்.

செயற்கைக்கோள் பார்க்காதா? பார்க்கும். நெருப்பு வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துச் சூடான இடத்தைக் கண்டுபிடிக்கும். டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அதைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோளில் இதற்காக உள்ள விர்ஸ் (VIIRS) கருவி எடுக்கும் படத்தில் ஒரு கட்டமே (பிக்சல்) 375 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். செயற்கைக்கோள் நாளுக்குச் சில தடவைதான் கடக்கும். இடையில் மூண்டு அணைந்த தீயும் மேகத்துக்குக் கீழே எரிவதும் தப்பிவிடும்.

அந்த இடைவெளியை நிரப்ப மனிதக் கண் வேண்டும். ஆனால் மலைச்சரிவு ரப்பர் தோட்டங்களில் இலையுதிர்ந்து சருகு குவியும் இந்த நாட்களில்தான், பல இடங்களில் பால்வெட்டும் (மரத்தைக் கீறிப் பால் எடுப்பதும்) நிற்கும். விடியலில் மலைச்சரிவில் நடமாடும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள்.

சரி, கீழேயிருந்து பார்ப்பவர் என்ன செய்யலாம்? பலரும் லொகேஷன் அனுப்புகிறார்கள். அது நீங்கள் நிற்கும் இடம், தீ இருக்கும் இடமல்ல! கூடவே போனிலுள்ள திசைகாட்டியைப் புகையின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடித்து, அது காட்டும் பாகையையும் (டிகிரி) எழுதுங்கள். பூதப்பாண்டியிலிருந்து ஒருவர் 350 பாகை என்கிறார், அழகியபாண்டிபுரத்திலிருந்து இன்னொருவர் 30 பாகை என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் இரண்டு கோடு இழுத்தால், வெட்டும் இடத்தில் தீ. காட்டுக் காவல் கோபுரங்களின் பழைய வித்தை இது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மட்டும் பலிக்காது. கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடும், சின்னப் பிழையும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிவிடும்.

நேரமும் புகை சாயும் பக்கமும் சேர்ந்தால், தீ எங்கே நகரும் என்று வனத்துறை கணிக்கலாம். 112 அல்லது மாவட்டப் பேரிடர் எண்ணான 1077-க்கு முதலில் சொல்லுங்கள். அப்புறம் குழுவில் போடலாம். நல்ல படத்துக்காக மேலே மட்டும் ஏறாதீர்கள். சரிவில் சுடர் மேல்பக்கம் சாய்ந்து, எரியாத புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுவதால் தீ மேல்நோக்கி வேகமெடுக்கும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள்.

தீ அணைந்ததும் அதே குழுவில் நேரத்தோடு 'அணைந்தது' என்று போடுங்கள். இல்லாவிட்டால் காலையில் எடுத்த படம் ராத்திரி வரை சுற்றிக்கொண்டிருக்கும்.