ஏலம் ஓடும்போது இன்பாக்ஸில் வருகிற விலை

பாம்பன் கரையில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது பாதி ஏற்கெனவே தெரியும். கூடை இறங்கியதும் படகுக்காரர்கள் கறிக்கு வேண்டிய மீனை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். சொந்தக்காரருக்கு நாலு மீன் கொடுக்க வேண்டுமா, அதுவும் அப்போதே நடந்துவிடும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஏலக்காரர் முதல் விலையைக் கூவிவிட்ட பிறகு ஒருத்தர் படகுக்காரரின் காதைக் கடித்து, கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தால் கரையில் சண்டைதான்.

இதே ஆட்கள், ஏன் நானும்தான், செல்போனில் ஏலம் விடும்போது இந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் பழைய தபால்தலை, கடித உறை, நாணயம் வாங்கி விற்கிறேன். 2018-ல் ஈபே இந்தியா என்கிற இணைய ஏலத் தளம் மூடப்பட்ட பிறகு என் ஏலமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலும் பேஸ்புக்கிலும்தான். படம் போடுவோம், ஆரம்ப விலை சொல்வோம், "ஞாயிறு ராத்திரி 9 மணி வரை" என்று எழுதுவோம், அவ்வளவுதான். அட்மின் ஒருத்தர் இருப்பார், சட்டதிட்டம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால்தான் மரியாதை என்கிற விஷயம் அங்கே இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

என் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பெட்டியில் 1958-ல் தனுஷ்கோடியில் தபாலில் சேர்த்த ஒரு உறை கிடைத்தது. கீழக்கரை விலாசம், மை மங்கின எழுத்து, ஆனால் வட்ட முத்திரை மட்டும் தேதி வரைக்கும் பளிச்சென்று வாசிக்கிற மாதிரி. இதற்கு ஏன் மவுசு என்று தெரியாதவர்களுக்கு: 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போய்விட்டது, ரயில் நிலையம், தபால் ஆபீஸ், எல்லாம். அதோடு அந்த ஊர் முத்திரையும் நின்றுபோனது. இனிமேல் ஒன்றுகூடப் புதிதாக வராது, இருப்பதுதான் இருப்பு. எனக்கு அது ஓரளவுக்குத் தெரியும், ஆனால் சரியான மதிப்பு தெரியாது. 300 ரூபாயில் ஆரம்பித்தேன்.

இரண்டாம் நாள் 650-ல் நின்றது. கேட்டவர் கீழக்கரையிலிருக்கும் ஒரு பெரியவர், நாங்கள் எல்லோரும் காக்கா (அந்தப் பக்கத்து வழக்கில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். அன்று சாயங்காலம் வெளியூர்க்காரர் ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். "பின்பக்கம் ஒரு படம் அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் "4,000 தரேன், ஏலத்தை நிறுத்திருங்க, இப்பவே ஜிபே" என்றார்.

நிறுத்திவிட்டேன். குரூப்பில் "உறை மழையில் நனைந்து கெட்டுவிட்டது, மன்னிக்கவும்" என்று ஒரு பொய்யையும் எழுதிவைத்தேன். காக்கா அடுத்த வாரம் கடைக்கு வந்தபோது முதலில் கேட்டதே "என்ன தம்பி, அந்தக் கவரைக் காய வச்சுப் பாத்தியா?" என்றுதான். மூன்று வாரம் கழித்து அதே உறையை வாங்கினவர் அதே குரூப்பில் பெருமையாகப் படம் போட்டார். பின்பக்கத்தையும் சேர்த்து. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட அடையாளம் கிடையாது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அடுத்து நான் போட்ட நாலு ஏலத்திலும் யாரும் விலை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த 4,000-ல் எனக்கு லாபமா என்றால் அதுவும் சந்தேகம்தான். பின்பக்கத்தைக் குரூப்பில் கேட்காமல் இன்பாக்ஸில் கேட்கிறார் என்றால், எனக்குத் தெரியாத எதையோ அவர் பார்த்துவிட்டார், மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறார். 650-ல் நிற்கிற பொருளுக்கு ஒருத்தர் தானாக 4,000 சொல்கிறார் என்றால், அவர் மனசில் அதன் விலை 4,000 இல்லை, அதற்கு மேலே. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு உறை செலவானது. இன்னொன்று, இணைய ஏலத்தில் நடுவில் நிற்கிற விலைக்கு அர்த்தமே கிடையாது. விவரமானவர்கள் கடைசி ஐந்து நிமிஷம் வரை வாயைத் திறக்கமாட்டார்கள். "ரெண்டு நாளாச்சு, 650 தாண்டல" என்று பயந்து தனியாக வருகிறவரிடம் கொடுப்பது, கடைசி நேரத்துக்காகக் காத்திருக்கிற எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வேலை.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 64-வது பிரிவு. சுத்தியல் அடித்து முடிந்தது என்று அறிவிக்கும்வரை விற்பனை முடிந்ததாகாது, அதற்குள் கேட்டவரும் தன் விலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதாவது 650-ல் நிறுத்தினதற்காக என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது, பலர் விளையாட்டாகச் செய்வது: மச்சானையோ கூட்டாளியையோ விட்டு விலையை ஏற்றிவிடுவது. முன்கூட்டியே சொல்லாமல் விற்பவர் தன் ஆளை வைத்து விலை கேட்டால், வாங்கினவர் அந்த விற்பனையை மோசடி என்று எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு வந்தால்தான் கொடுப்பேன் என்றால் ரிசர்வ் விலை உண்டு என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், அது தப்பே இல்லை.

வெளிநாட்டு ஈபேயில் விற்கிறவர்களுக்கு இன்னும் கறாரான கணக்கு. முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கேட்ட விலைகளை ரத்து செய்து நிறுத்த வழி உண்டு, பொருள் உடைந்தது, தொலைந்தது, விவரம் தப்பாகப் போட்டுவிட்டேன் என்பது போன்ற காரணங்களுக்காக. 12 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால், விலை கேட்டவர் இருந்தால், அதிகம் கேட்டவருக்கே கொடுத்து முடிக்கலாம், வேறு பேச்சு கிடையாது. நல்ல விலை வரவில்லை என்பதற்காக நிறுத்துவதும், அங்கே சந்தித்தவரோடு வெளியே போய்ப் பேரம் முடிப்பதும் அவர்கள் விதிப்படி தப்பு. அப்படி வெளியே போய் வாங்கினவருக்குப் பொருள் வராமல் போனால் அவர்களுடைய பணப் பாதுகாப்பும் கிடையாது.

சரி, தனியாக வாங்கவே கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம். யாரும் விலை கேட்காத வரைக்கும் "ஏலம் வேண்டாம், மொத்தமா என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, அது கறிக்கு மீன் எடுக்கிற மாதிரி. முதல் விலை விழுந்துவிட்டதா, அப்புறம் கேட்பதானால் எல்லோர் முன்னாலும் கேளுங்கள். விற்பவருக்கும் அதேதான். நிஜமாகவே நிறுத்த வேண்டிய காரணம் வந்துவிட்டால் நிஜக் காரணத்தை எழுதுங்கள், அதிகம் கேட்டவருக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள். பொய் சொல்லாதீர்கள், இது சின்ன உலகம், பொருள் சுற்றிச் சுற்றி அதே குரூப்புக்குத்தான் வரும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஏலத்தில் தோற்றவர்களைக் குறிவைத்து ஒரு திருட்டு நடக்கிறது. "ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, அடுத்தது நீங்கள்தான், உடனே அனுப்பினால் உங்களுக்கே" என்று செய்தி வரும், விற்பவரின் பெயர், படம் எல்லாம் அப்படியே இருக்கும், நம்பர் மட்டும் வேறு. எனக்குத் தெரிந்த தொண்டிப் பையன் ஒருத்தன் 2,500 கட்டிவிட்டான். பழைய நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் அடியுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

போன மாதம் மண்டபம் முத்திரை போட்ட ஒரு உறையை 500-க்குப் போட்டேன். 900-ல் இருக்கும்போது ஒருத்தர் இன்பாக்ஸில் வந்து 3,500 என்றார். "குரூப்புல கேளுங்க சார், உங்களுக்கே வரும்" என்றேன். அவர் பதில் போடவில்லை, குரூப்பிலும் வரவில்லை. ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு 2,100-ல் முடிந்தது, எடுத்தவர் காக்கா. மறுநாள் கடைக்கு வந்து உறையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நனையலையே?" என்றார்.